மாமி வீட்டில் தொலைந்த இருநூற்றுப் பதினாறு சங்கிலிகள்

ஒன்றும் தெரியாதவனால் ஒரு வீட்டுக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. மூன்று மாதம் படித்தவனைத்தான் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் அடித்துச் சொல்லலாம். அந்த மூன்று மாதம் படித்தவன் நான்தான்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு கணினி நிலையத்தில் பயிற்சி முடித்து, பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழோடு முரசுமோட்டைக்குத் திரும்பியிருந்தேன். ஊரில் யாருடைய போன் சூடானாலும், யாருடைய ரீவியில் கோடு விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு, "உது சின்னப் பிரச்சினை" என்பேன். (எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி பவர் இல்லாதது. போட்டால் படித்தவன் போல இருக்கும் என்று வாங்கியது.)

அந்த வகுப்பில் நான் பதினெட்டாவதாக வந்தேன். மொத்தம் பத்தொன்பது பேர். பத்தொன்பதாவது ஆள் பாதியிலேயே கட்டாருக்குப் போய்விட்டார். முதலாவதாக வந்தவர் புவனா. பூநகரிப் பக்கத்துப் பெண். அவருடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டி வயலாக்கியது. அவர் பிறந்ததே இங்கேதான், ஆனால் வீட்டில் பேசுவது இன்னும் அவர்களுடைய தமிழ்தான். நாங்கள் "ஓம்" என்றால் அவர்கள் "ஆமா". நாங்கள் "ஆர் அது?" என்று கேட்டால் அவர்கள் "யாரு அது?" என்பார்கள். ஆசிரியர் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருக்கும்போது புவனா பின்வரிசையிலிருந்து, "சேர், மூணாவது வரியில ஒரு புள்ளி விட்டுட்டீங்க" என்று மெதுவாகச் சொல்லுவார். அதில் பெருமை ஒரு துளியும் இருக்காது. எனக்கு அவரைப் பார்த்தால் மரியாதையும் எரிச்சலும் சம அளவில் வரும்.

இனிக் கலியாணத்துக்கு வருவோம். என் மாமாவின் மகள் சுகந்தி. எனக்கு மச்சாள் முறை. மாப்பிள்ளை கனடாவிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்து தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். சுகந்தி இங்கே, அவர் அங்கே. அவர் மனைவியை அங்கே கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்குக் கலியாணம் உண்மையிலேயே நடந்தது என்று காட்டப் படங்கள் வேண்டும். தாலி கட்டுவது, இரண்டு வீட்டாரும் நிற்பது, சபையில் சனம் இருப்பது எல்லாம் தெரிய வேண்டும் என்று அங்குள்ள சட்டத்தரணி சொல்லியிருந்தார். போனில் பிடித்த நாலைந்து மங்கல் படம் போதாதாம்.

நல்ல படங்கள் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தன. கலியாணத்துக்குப் படம் பிடித்தவர் அல்பமும் செய்து தருவதாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. "என்னத்துக்கு மாமா, அல்பம் நான் செய்து தாறன். நீங்கள் படத்தை மட்டும் பென் ட்ரைவில வாங்கி என்னட்டத் தாங்கோ" என்றேன். மாமா நம்பித் தந்தார். படக்காரரும் தன்னுடைய கணினியில் இடம் போதாதென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டார். நாலு மாதமாக அல்பத்தின் முன் அட்டைக்கு எந்த ரோசாப்பூ நல்லது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பென் ட்ரைவில் வேறு வெற்றிடம் நிறைய இருக்கிறதே என்று நாற்பது பாட்டையும் ஏற்றி, நண்பனுடைய ஓட்டோவில் செருகி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தேன். இறங்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிப் பைக்குள் போடுவேன். முறைப்படி நிறுத்திவிட்டு எடுப்பதெல்லாம் பயந்தவர்களின் வேலை என்று ஒரு எண்ணம்.

திங்கட்கிழமைக்குள் படங்களை அனுப்பச் சொல்லிச் சட்டத்தரணியிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை காலை நான் லப்டொப்போடு மாமா வீட்டுக்குப் போனேன். மாமி பிளேன்டீ போட்டு வைத்திருந்தார். சுகந்தி புதுச் சட்டை போட்டு வந்து கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். தன்னுடைய கலியாணப் படத்தை அவளே இன்னும் பெரிய திரையில் பார்த்ததில்லை. நான் பென் ட்ரைவைச் செருகினேன். பாட்டு ஃபோல்டர் அழகாகத் திறந்தது. கலியாண ஃபோல்டரை அழுத்தினேன். பழுதடைந்துவிட்டது, வாசிக்க முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். பெட்டி அப்படியே இருந்தது.

"என்னவாம் தம்பி?" என்றார் மாமி.

"உது சின்னப் பிரச்சினை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

சுகந்திக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் அந்தப் பெட்டியை ஒரு தரம் வாசித்தாள். "மச்சான், எல்லாம் வேணாம். தாலி கட்டுற படம் ஒண்டு வந்தாலும் காணும்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சத்தமில்லாத குரலைத்தான் தாங்க முடியவில்லை. நான் எவ்வளவு பெரிய மடையன் என்று எனக்கு முதன்முதலாக விளங்கிய காலை அது.

வெளியே போய் நின்று புவனாவுக்கு அழைத்தேன். வகுப்பு முடிந்த பிறகு ஒரு நாளும் அழைத்ததில்லை. அவர் எடுத்தார். காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது, குரல் விட்டு விட்டு வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"பதட்டப்படாதீங்க" என்றார். "அதுல புதுசா ஒண்ணும் எழுதாதீங்க. பாட்டு கீட்டு ஏதும் ஏத்தினீங்களா?"

"சேச்சே" என்றேன்.

"வேற பிரதி இருக்குதானே?"

"ஓம், ஓம். பிரதி இல்லாமலோ" என்றேன். (ஒரே அழைப்பில் இரண்டு பொய். இரண்டுமே டொக்டரிடம் சொல்லக்கூடாத வகைப் பொய்.)

உள்ளே போய்ப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம். போட்டால் நான் ஒரு பெண்ணிடம் கேட்டுத்தான் வேலை செய்கிறேன் என்று மாமிக்குத் தெரிந்துவிடும். அதனால் போடவில்லை. புவனா என்னைக் கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னார். படமோ பொத்தானோ இல்லாத, வெறும் எழுத்து மட்டும் வருகிற திரை. அதில் செக் டிஸ்க் என்று ஒரு கட்டளை. அதை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பென் ட்ரைவின் எழுத்தை அடித்தால் போதும் என்றார்.

அடித்தேன். அது மளமளவென்று எண்ணத் தொடங்கியது. எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர், எங்கே தொடர்பு அறுந்திருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போனது. கடைசியில், நான் பார்க்க மட்டும்தான் செய்தேன், ஒன்றையும் திருத்தவில்லை என்று எழுதிவிட்டு நின்றது. எனக்கு அந்தக் கட்டளையின் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரிடம் தண்ணீர் இறைக்கிற மெசினைக் காட்டினால், என்ன பிழை என்று சொல்வதற்கு முன்னர் நாலு நட்டைக் கழற்றி விடுவார். பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உண்மையை மட்டும் சொல்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"இப்பத்தான் திருத்தச் சொல்லணும்" என்றார் புவனா. "அதே வரி. கடைசில ஒரு சாய்கோடு, எஃப். இன்னொரு சாய்கோடு. அப்புறம் ஆர்."

"நான்தான்" என்றேன்.

"என்ன?"

"நான்தான் அடிக்கிறன். வேற ஒருத்தரும் இல்லை."

"சரிங்க. சாய்கோடு போட்டீங்களா?"

"போட்டன்."

"ஆர்."

"நான்தான் எண்டு சொல்லுறன் எல்லோ."

அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நீங்க ஆர் அடிக்கணும்."

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஆர் அடிக்கவேணும்? நான் அடிக்கக் கூடாதோ?"

பக்கத்தில் மாமியும் சுகந்தியும் என் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. இதை அடிப்பதற்கு யாரோ உத்தரவு தர வேண்டும், இவனுக்குத் தரவில்லை என்று நினைத்திருக்கிறார். "மாமாவைக் கூப்பிடட்டோ தம்பி? அவர் அடிச்சாச் சரிவருமோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"ஏ, பி, சி, டில க்யூவுக்கு அடுத்த எழுத்துங்க" என்றது போன்.

அடித்தேன். அவருடைய வீட்டில் "யாரு" என்கிறவர்கள். "ஆர்" என்று ஒரு சொல் எங்கள் வாயில் எத்தனை தரம் வரும் என்று அவர் ஏன் யோசிக்கப்போகிறார்.

திரை மறுபடியும் எண்ணியது. ஒரு கட்டத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டது. நான் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சபைக்கு வாசித்துக் காட்டினேன். "துலைஞ்ச சங்கிலியள் இருநூற்றிப் பதினாறு கிடக்காம்."

மாமியின் கை கழுத்துக்குப் போனது. "ஆற்ற சங்கிலி?"

"தெரியேல்லை மாமி. துலைஞ்சது எண்டுதான் போட்டிருக்கு."

"எங்கட கலியாணத்திலயோ? இருநூறு சங்கிலியோ?" மாமி கதிரையில் இருந்துவிட்டார். "பக்கத்து வீட்டு ராசமணி அண்டைக்குத் தன்ர சங்கிலியைக் காணேல்லை எண்டு சொன்னவா. நான் அவாவை எவ்வளவு பேசிப்போட்டன்."

வாசலில் நின்ற மாமாவும் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். (அவர் பிறந்ததிலிருந்து சங்கிலி போட்டதில்லை.)

சங்கிலிகளைக் கோப்புகளாக மாற்றவா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் ஓர் எழுத்து, இல்லை என்றால் இன்னோர் எழுத்து. எனக்குப் பதில் தெளிவாகவே தெரிந்தது. எங்களுக்கு வேண்டியது படம். சங்கிலி வேண்டாம். ஆகவே இல்லை என்று அடிக்க விரலைக் கொண்டுபோனேன். போன பிறகு, எதற்கும் புவனாவிடம் ஒரு சொல் கேட்போம் என்று நினைத்து வாசித்துக் காட்டினேன். போனில் இரைச்சல். அதற்கு நடுவில் புவனாவின் குரல் உரத்துக் கேட்டது.

"வை."

நான் திகைத்துப் போனேன். "என்ன?"

"வை... வை..."

தன் வயதுக்காரனான என்னையே "நீங்க" போட்டுப் பேசுகிற பெண். இன்றைக்கு "வை" என்கிறார். ஆர் ஆர் என்று அவருடைய உயிரை எடுத்ததற்கு எனக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். "சரி, வைக்கிறன். குறை நினைக்காதையுங்கோ" என்று பணிவாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் கழித்து மன்னிப்புக் கேட்கத் திரும்ப அழைத்தேன். தொடர்பை ஏற்படுத்த முடியவில்லை என்றது. பத்துத் தரம் அழைத்தேன். பத்துத் தரமும் அதே பதில்.

திரையில் கேள்வி அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. விரல் எந்தப் பக்கமும் போக மறுத்தது. "மாமா, பூநகரிக்குப் போவம்" என்றேன்.

முரசுமோட்டையிலிருந்து பரந்தன், பரந்தனிலிருந்து பூநகரி. முப்பது கிலோமீற்றர் அளவில் வரும். பஸ்ஸை நம்பினால் திங்கட்கிழமை ஆகிவிடும். மாமா மோட்டார் சைக்கிளை எடுத்தார். லப்டொப்பை மூடினால் அது தூங்கிவிடும், தூங்கி எழும்பினால் கேள்வியை மறந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஆகவே திறந்தபடியே மடியில் வைத்து, பென் ட்ரைவ் ஆடாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். (லப்டொப்பை வீட்டில் கரண்டில் செருகி வைத்துவிட்டு நான் மட்டும் போய்க் கேட்டு வந்திருக்கலாம். இந்த யோசனை எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.)

வெயிலில் திரை தெரியவில்லை. பற்றரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாமாவின் துவாயை வாங்கி ஹெல்மெட்டையும் லப்டொப்பையும் சேர்த்து மூடி, உள்ளே குனிந்துகொண்டேன். தெருவில் பார்த்தவர்களுக்கு, ஆவி பிடிக்கிற நோயாளியை அப்படியே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது போல இருந்திருக்கும். பரந்தன் சந்தியில் ஒரு தெரிந்த மனுசன் மாமாவை மறித்து, "தம்பிக்கு எப்பிடி?" என்று கவலையோடு விசாரித்தார்.

"பதினெட்டு வீதம்" என்றேன் துவாய்க்குள்ளிருந்து.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மாமா மட்டும் வழிநெடுக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, இப்ப எத்தினை வீதம்?" அவர் நாலு மாதமாகச் சரியாகச் சிரித்ததில்லை. ஒரே பிள்ளை. அவளை அனுப்பவும் மனம் இல்லை, அவள் கலியாணம் கட்டியும் தனியே இருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

பூநகரியில் விசாரித்துக்கொண்டு போனபோது தெருவில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தது. நடுவில் தலையில் துணி கட்டிய பெண் ஒருவர் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டு போனார். புவனாதான்.

"பாத்து, நெல்லு மேல ஏறிடாதீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் துவாயைப் பார்த்தார். பிறகு அதற்குள் இருந்த என்னைப் பார்த்தார்.

நான் இறங்கி முதலில் செய்த வேலை மன்னிப்புக் கேட்டதுதான். "என்னில கோவமோ புவனா?"

"எதுக்கு?"

"போனை வை எண்டு சொன்னனீங்கள்."

"நான் எங்க போன வைக்கச் சொன்னேன்? வை அடிக்கச் சொன்னேன். ஆமாவுக்கு வை. இல்லைக்கு என். எழுத்துங்க."

மாமா மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சிரிக்கத் தொடங்கினார். சைக்கிள் சரியப் பார்த்தது. நான் போய்ப் பிடிக்க வேண்டி வந்தது.

புவனா சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரில் முழங்கை வரை கழுவி, தாவணித் தலைப்பில் துடைத்து, முற்றத்துக் கதிரையில் இருந்து திரையை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். நான் அதுவரை அந்தத் திரையில் கடைசி வரியை மட்டும்தான் வாசித்திருந்தேன். "இல்லைன்னு அடிச்சிருந்தீங்கன்னா அத்தனையும் காலி இடமாயிருக்கும்" என்றார். "ஒவ்வொரு படமும் துண்டு துண்டாத்தான் உள்ள கெடக்கும். ஒரு துண்டு அடுத்த துண்டு எங்க இருக்குன்னு சொல்லும். அதான் சங்கிலி. சங்கிலி அறுந்து போகலை. பேரு எழுதின அட்டைதான் போயிருக்கு." என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டதுதான் என்று அப்போது விளங்கியது.

விரலைக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "பிரதி இருக்குதானே?"

நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இல்லை."

"பாட்டு?"

"நாப்பது. ஓட்டோவில போட்டனான்."

அவருடைய கை மடிக்குத் திரும்பிப் போய்விட்டது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்னை என்ன சொல்லியிருந்தாலும் நியாயம். அவர் திரையின் மூலையைத்தான் பார்த்தார். பற்றரி ஏழு வீதம் காட்டியது. சாஜரை நான் கொண்டுவரவில்லை, அவருடைய சாஜர் பொருந்தவில்லை. மாமா பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ளை, உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ. பிழைச்சாலும் உங்களை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டம்" என்றார்.

புவனா எழுத்தை அழுத்தினார்.

அது எண்ணிக்கொண்டே போனது. வீதம் ஆறானது, ஐந்தானது. மாமா கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு வீதத்தில் வேலை முடிந்தது என்று வந்தது. புவனா பென் ட்ரைவை முறைப்படி நிறுத்தி, பொறுமையாக வெளியே எடுத்து, தன்னுடைய கணினியில் போட்டு, திறந்துகூடப் பார்க்காமல் முதலில் இரண்டு பிரதி எடுத்தார். உள்ளே இருநூற்றுப் பதினாறு கோப்புகள், வெறும் இலக்கம் மட்டும் போட்டு இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றத் தயாராகச் சட்டைக் கையை மடித்தேன். அவர் கறுப்புத் திரையில் ஒரேயொரு வரி அடித்தார். அத்தனையும் ஒரேயடியாகப் படங்களாக மாறின. நான் மூன்று மாதம் அதே வகுப்பில்தான் இருந்தேன், அந்த வரியை நான் கண்டதே இல்லை. எரிச்சல் அன்றோடு போய்விட்டது, மரியாதை மட்டும் மிஞ்சியது.

முதல் படத்தைத் திறந்தார். சோறு. இரண்டாவது, வாழையிலையில் பூசணிக்காய்க் கறி. மூன்றாவதில் நான், சாம்பார் வாளியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அடுத்தது, மாப்பிள்ளை சுகந்திக்கு வடை ஊட்டுகிறார். அப்படியே போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வந்த பிறகும் தாலி வரவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நூற்று முப்பத்தோராவது படத்தில் வந்தது.

புவனா வீட்டில் சிக்னல் இல்லை. பின்பக்கத்து வரம்பில் ஏறி நின்றால்தான் கொஞ்சம் கிடைக்கும். காலையில் அவர் அங்கே நின்றுதான் காற்றோடு மல்லுக்கட்டி எனக்கு வை வை என்று கத்தியிருக்கிறார். இப்போது நாங்கள் மூவரும் அதே வரம்பில் வரிசையாக நின்றோம். மாமா சுகந்திக்கு அழைத்தார். "வந்திட்டுதோ அப்பா?" என்ற குரல் எனக்கும் கேட்டது. மாமா போனைப் புவனாவிடம் நீட்டினார்.

"வந்திடுச்சுங்க" என்றார் புவனா. "நீங்க குனிஞ்சிருக்கீங்க. முகம் தெளிவாத் தெரியுது. அழகா இருக்கீங்க."

அந்தப் பக்கத்தில் சுகந்தி அழுவது கேட்டது. நானும் அழுதேன், காற்றில் கண்ணுக்குள் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு. (பவர் இல்லாத கண்ணாடி தூசியை மறிக்கும் என்று மாமா ஞாபகப்படுத்தினார்.)

"பேரு போனதால படமெல்லாம் மாறி மாறி இருக்கு. ஒழுங்கு பாத்து அனுப்புங்க" என்று புவனா திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார். நானும் ஓம் ஓம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது படத்தைத் தெரிவுசெய்து, தலைகீழாக ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இலக்கப்படியே அனுப்பிவிட்டேன். கலியாணத்தன்று நான் பந்தியை விட்டு வெளியே வரவே இல்லை, மேடையில் எது முன், எது பின் என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஒரு வருடம் கழித்துச் சுகந்தியைக் கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். புரட்டிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம், உங்களுடைய வழக்கத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதலில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தாலி கட்டுவதா என்று. எங்கள் பக்கத்தில் தாலி கட்டி முடியும்வரை இரண்டு பேரும் சாப்பிடவே மாட்டார்கள். சுகந்தி பயந்து உளறாமல் உண்மையைச் சொன்னாள். "இல்லை. படமெல்லாம் துலைஞ்சு போய்த் திரும்பி வந்தது. வந்த ஒழுங்கில அனுப்பினவை." அதிகாரி அதைக் கேட்டு வடை ஊட்டுகிற படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சிரித்தாராம். இரண்டு மாதத்தில் விசா வந்தது.

அதற்குப் பிறகு நான் அல்பத்தைச் சரியான ஒழுங்கில் செய்து கொண்டுபோனேன். மாமி தொடவே இல்லை. "என்ர பிள்ளைக்கு அந்த ஒழுங்கிலதான் விசா கிடைச்சது. ஒரு படத்தையும் மாத்தக் கூடாது" என்றார். ஆகவே அந்த அல்பம் சோற்றில் தொடங்குகிறது. அடுத்த வருடம் என் தங்கையின் கலியாண அல்பமும் சோற்றில் தொடங்கியது, ராசி என்று. புவனாவின் கலியாணம் நடந்தபோது மாமி தானே பூநகரிக்குப் போய் அவருக்கும் இதைச் சொல்லி வைத்தார். (நீங்கள் நினைத்தது நடக்கவில்லை. புவனா வவுனியாவில் ஒரு நல்ல மனிதரைக் கட்டினார். பந்தி பரிமாறியது நான்.) புவனா மறுக்காமல் தலையாட்டி, அப்படியே செய்து, அல்பத்தை மாமிக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டும் போனார்.

என் முறை போன வருடம் வந்தது. பெண் புதுக்குடியிருப்பு. வேட்டி, தலைப்பாகையோடு மணவறைக்கு நடந்துகொண்டிருந்த என்னை மாமி வழியில் மறித்து, சாப்பாட்டு மண்டபத்துக்கு இழுத்துப்போய், ஓர் இலைக்கு முன்னால் இருத்தி, படக்காரரைக் கூப்பிட்டார். "ஒரு பிடி வாயிட்ட வை, சிரி" என்றார். படக்காரர் எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தகப்பனார் என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். காலையிலிருந்து விரதமாக இருக்கிற மகளைப் பற்றி நினைத்தாரோ என்னவோ, அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவருக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்த நான் பல தரம் முயன்றிருக்கிறேன். செக் டிஸ்க்கில் தொடங்கினால் சங்கிலிக்கு வருவதற்குள் அவர் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "அது பரவாயில்லைத் தம்பி, எல்லாருக்கும் பசி வாறதுதானே" என்பார். இன்றைக்கும் நான் புதுக்குடியிருப்புக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே, "மாப்பிள்ளைக்குச் சோத்தைப் போடுங்கோ, அவர் தாங்க மாட்டார்" என்று குசினிப் பக்கம் திரும்பிச் சொல்கிறார்.